கிளை: கொழும்பு

யாழினி, கதிர், இதை நீங்கள் இரண்டு பேரும் சண்டை போடாமல் சேர்ந்து உட்கார்ந்து படிக்க வேண்டும். கொழும்பில் இருக்கும் உங்கள் சிவா மாமாவுக்கு என்ன ஆயிற்று, அப்பா எதற்குத் திடுதிப்பென்று ஹைதராபாத் போனார், அம்மா ஏன் அப்பாவுக்குச் சோறு மட்டும் போட்டாள், பேச்சே போடவில்லை என்று ஆளுக்கொரு பக்கம் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். நான் பத்தாவதோடு நின்றவன். எழுத்துப் பிழை இருந்தால் யாழினி திருத்திக்கொள். கோபமாக எழுதியிருக்கும் இடத்தை மட்டும் அப்படியே விட்டுவிடு.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். நம் பொள்ளாச்சிப் பட்டறையில் செய்கிற தேங்காய் மட்டை அடிக்கும் மெஷின் இலங்கையில் நாலு நார் மில்லில் ஓடுகிறது. ஏற்றுமதிக்கென்று புதுப் பில் புக் அடிக்கப் போனபோது பிரஸ்காரர் கேட்டார்: "கிளை ஏதாச்சும் போட்டுரலாங்களா? உங்க எதுத்த பட்டறைக்காரரு கோவை, திருப்பூர், ஈரோடுன்னு மூணு போட்டிருக்காருங்."

எதிர்ப் பட்டறைக்காரருக்கு ஈரோட்டில் இருப்பது அவர் மகளைக் கட்டிக்கொடுத்த வீடு. அது எனக்கும் தெரியும், பிரஸ்காரருக்கும் தெரியும். இருந்தாலும் ரோஷம் வந்துவிட்டது. "கொழும்புன்னு போடுங்க" என்றேன். பக்கத்தில் மாமாவின் போன் நம்பரையும் கொடுத்தேன். மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆங்கிலத்தில் போட்டால் வெளிநாட்டுக்காரன் எவனாவது படித்துவிட்டுக் கேள்வி கேட்பான், எதற்கு வம்பு என்று, அந்த ஒரு வரியை மட்டும் தமிழில் போடச் சொன்னேன். பெரிய புத்திசாலி என்று நினைப்பு. மெஷின் போகிற நாடு இலங்கை, அங்கே அரசாங்க ஆபீசிலேயே தமிழ் படிக்கிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள் என்பது என் மண்டைக்கு உறைக்கவே இல்லை.

படித்துவிட்டார்கள். "பொள்ளாச்சிக் கம்பெனிக்குக் கொழும்பில் கிளை இருக்கிறதாமே, அந்தக் கிளையை நடத்துவது யார்? இங்கே வரி கட்டுகிறாரா?" என்று கேட்டு, நம் மெஷினை வாங்கிய மில்லுக்கு அங்கிருக்கும் வரி ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. மில்காரர் அதை எனக்கு அனுப்பினார்.

ஒரு நாட்டுக்காரன் இன்னொரு நாட்டுக்குப் பொருளை விற்றுவிட்டு வந்தால், லாபத்துக்கு வரி அவன் ஊரில் மட்டும். அங்கேயே நிலையாகக் கால் ஊன்றிவிட்டால் அங்கேயும் வரி. இரண்டு நாட்டுக்கும் இப்படி ஒப்பந்தம் இருக்கிறது. வரியைக்கூட எப்படியோ கட்டித் தொலைத்துவிடலாம். மாமாவின் விசா அப்படி இல்லை. அது அவர் வேலை பார்க்கிற ஹார்டுவேர் கடைக்கு மட்டும் கொடுத்தது. அதை வைத்துக்கொண்டு இன்னொரு கம்பெனிக்குக் கிளை நடத்தினார் என்று முடிவு செய்தால், அவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பதினோரு வருஷமாக அவர் அங்கே பிடித்து வைத்திருக்கிற இடம் போய்விடும். என் ஒரு வரியால்.

நம் ஆடிட்டர் கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இது என் கையில இல்லீங். ரெண்டு நாட்டு வரியையும் சேத்துப் பாக்குற வக்கீல் கம்பெனி ஹைதராபாத்துல இருக்குது. என்கூடப் படிச்சவரு அங்கிருக்காரு. போன்ல பேசினா ஆகாது, நேர்ல போயிருங்."

போனேன்.

முதல் நாள். நம் ஃபிட்டர் ஜோசப்பின் பெரியப்பா ஆரோக்கியசாமி செகந்திராபாத் ஸ்டேஷனுக்கு ஸ்கூட்டரில் வந்திருந்தார். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் தாத்தா காலத்தில் அரக்கோணத்திலிருந்து வந்த குடும்பம். வீடு போலாரத்தில். என் பையைப் பிடுங்கி முன்னால் வைத்துக்கொண்டார்.

"நானே எடுத்துக்கறேனுங்கண்ணா" என்றேன்.

"நக்கோ தம்பி, நக்கோ. நீ புடிச்சுகினு குந்து, அது போதும்" என்றார். அவர் பேச்சில் நக்கோ என்றால் வேண்டாம், ஹவ் என்றால் ஆமாம்.

வழியில் ஓர் இளநீர் வண்டி. பக்கத்தில் ஆள் உயரத்துக்கு மட்டைக் குவியல். மாநகராட்சி லாரி வந்து அதைக் குப்பையோடு அள்ளிக்கொண்டிருந்தது. நம் ஊரில் ஒரு லோடு மட்டைக்கு ஆள் போட்டுக் காத்துக் கிடக்கிறோம். இங்கே குப்பை. ஆரோக்கியசாமி அண்ணாவிடம் சொன்னேன். "ஹவ், நீ வந்தது மட்டை பொறுக்கவா, மச்சான காப்பாத்தவா?" என்று கேட்டார்.

அவர் வீட்டில் இட்லி. தேங்காய்ச் சட்னி இல்லை, நிலக்கடலைச் சட்னி. நாலு இட்லிக்குப் பிறகு அதுவும் நன்றாகத்தான் இருந்தது. அவருடைய பேத்தி, கதிர் வயசு இருக்கும், நான் தமிழில் கேட்டதற்கெல்லாம் தெலுங்கில் பதில் சொன்னாள். "பாப்பா எத்தனாவது படிக்கிற?" என்றால் "நாலுகோ தரகதி." நாலாம் வகுப்பு. "தமிழ் பேச மாட்டியா?" என்றால் சிரிப்பு. "புரியும், வாய்ல வராது. அது பள்ளிக்கூடத்துக் கோளாறு" என்றார் தாத்தா. நம் தெருவில் பாதி வீட்டில் தெலுங்கு பேசுவதால் எனக்கு அவள் பேச்சு பிடிபட்டது. என் தெலுங்கைக் கேட்டுத்தான் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

மத்தியானம் மூன்று மணிக்கு வக்கீல் கம்பெனியில் வரச் சொல்லியிருந்தார்கள். மெட்ரோவில் ஏறிக் கடைசி ஸ்டேஷனில் இறங்கினால் போதும், எங்கும் மாற வேண்டாம் என்று ஆரோக்கியசாமி அண்ணா சொல்லி அனுப்பினார். அமீர்பேட் வந்ததும், முதுகில் பை மாட்டிய பிள்ளைகள் நூறு பேர் ஒரே மூச்சில் இறங்கினார்கள். கதவோரம் நின்ற என்னையும் சேர்த்து இறக்கிவிட்டார்கள். எல்லோரும் கம்ப்யூட்டர் கோர்ஸ் படிக்கிறவர்கள் போலிருக்கிறது. திரும்பி ஏறுவதற்குள் கதவு மூடிவிட்டது. மாடி மாறி இன்னொரு வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். நல்ல இடம் கிடைத்ததே என்ற சந்தோஷத்தில் போர்டைப் பார்க்கவில்லை. அது மியாப்பூர் போகிற வண்டி. அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் ஏழு பேரோடு ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்து போய்ச் சேரும்போது மணி நாலே கால்.

கண்ணாடிக் கட்டிடம். வரவேற்பில் இருந்த பெண், "உங்கள் நேரம் முடிந்துவிட்டது, நாளைக்குக் காலையில் வாருங்கள்" என்றாள். நின்ற வாக்கில் சொன்னாள். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் வந்தவனுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் தரலாம். நானே போய்ப் பிடித்துக் குடித்தேன்.

சோபாவில் உட்கார்ந்து மூச்சு வாங்கியபோது பக்கத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். கழுத்தில் அடையாள அட்டை. அதே கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள். தெலுங்குதான் பேசினார்கள்.

"அந்த ஆறு மாடிக்காரர்கள் ஃபைல் முடிந்ததா?"

"முடிந்தது. வெளிநாட்டுக் கம்பெனிக்கு இங்கே ஆபீசே கிடையாது. இங்கே நடப்பதெல்லாம் ஆயத்த வேலை, துணை வேலை, வரிக் கணக்கில் வராது."

"ஆறு மாடி நிறைய ஆள் உட்கார்ந்து ஆயத்தம் மட்டுமா பண்ணுகிறார்கள்?"

"உன் வீடு கட்ட ஆயத்தமே ஐந்து வருஷமாக நடக்கிறதே, அந்த மாதிரி."

இருவரும் சிரித்துக்கொண்டே லிஃப்டில் ஏறினார்கள். நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன் பிள்ளைகளே. ஆறு மாடி இருக்கிறவனுக்கு ஆபீஸ் இல்லை. ஒரு மேஜைகூட இல்லாத எனக்குக் கொழும்பில் கிளை இருக்கிறது. இதைச் சொல்வதற்குத்தான் இத்தனை கண்ணாடி போட்டுக் கட்டிடம் கட்டியிருக்கிறார்களா? அன்றைக்கு ராத்திரி ஆரோக்கியசாமி அண்ணா வீட்டில் கோங்கூரா என்கிற புளிச்சக்கீரை போட்டு ஆட்டுக்கறி. புளிப்பும் காரமுமாக அருமையாக இருந்தது என்று பிறகு நினைத்துப் பார்த்தேன். சாப்பிடும்போது எனக்கு ருசி தெரியவில்லை.

இரண்டாம் நாள். அமீர்பேட் வரும்போது கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஒரு பையன் என் கையைப் பார்த்து, "அங்கிள், ரயில் ஓடிப் போகாது" என்று இந்தியில் சொன்னான். போகட்டும். சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

என் விஷயத்தைப் பார்த்தவர் மாதவி என்கிற வக்கீல் அம்மா. முப்பது வயது இருக்கும். நான் தெலுங்கில் ஆரம்பித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இது எந்த ஊர்த் தெலுங்கு அண்டி?" என்று கேட்டார். அண்டி என்பது நம் 'ங்க' மாதிரி.

"பொள்ளாச்சித் தெலுங்குங்க."

"கேட்க நன்றாக இருக்கிறது. பாதிதான் புரிகிறது. மெதுவாகச் சொல்லுங்கள்."

சொன்னேன். அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் நேரான கேள்விகள். கொழும்பில் இடம் வாடகைக்கு எடுத்தீர்களா? இல்லை. உங்கள் மச்சினர் யாரிடமாவது ஆர்டர் எடுத்தாரா, கையெழுத்துப் போட்டாரா? இல்லை. சம்பளம், கமிஷன்? இல்லை.

"அப்படியென்றால் கிளை என்று எதற்கு அச்சடித்தீர்கள்?"

"எங்க ஊர்ல எல்லாரும் போடுவாங்க."

அவர் நம்பவில்லை. என் பையில் எப்போதும் கிடக்கிற விசிட்டிங் கார்டுக் கட்டை எடுத்து மேஜையில் பரப்பினேன். வெல்டிங் கடைக்காரர், "கிளை: துபாய்." அவர் மகன் அங்கே டிரைவர். லேத் பட்டறைக்காரர், "கிளைகள்: சென்னை, பெங்களூர்." இரண்டு தம்பிகள் குடியிருக்கும் வீடு. பந்தல்காரர் ஒருவர், "கிளை: விரைவில்" என்றே போட்டிருந்தார். அதைப் படித்துச் சொன்னதும் மாதவி அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. வீட்டை விட்டுக் கிளம்பிய பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

அப்போதுதான் அவருக்கு மேலே இருக்கிற பெரிய வக்கீல் வந்தார். உட்காரவில்லை. கடிதத்தை நின்றபடியே புரட்டினார். "கிளை என்பது அச்சுப்பிழை. அந்த நபருக்கும் கம்பெனிக்கும் சம்பந்தம் இல்லை. இரண்டு வரி போதும்" என்று மாதவி அம்மாவிடம் ஆங்கிலத்தில் சொன்னார். என்னைப் பார்க்கவே இல்லை.

மாதவி அம்மா ஆங்கிலத்தில் அடித்து முடித்து, எனக்குப் புரிய வேண்டும் என்று தெலுங்கில் படித்தார். "எங்களுக்கும் சிவராஜ் என்பவருக்கும் எடுவண்டி சம்பந்தம் லேது." எந்தச் சம்பந்தமும் கிடையாது. சம்பந்தம் என்கிற சொல் தெலுங்கிலும் அதேதான்.

"அதுல கையெழுத்துப் போட மாட்டேனுங்க" என்றேன்.

பெரிய வக்கீல் அப்போதுதான் முதல் தடவையாக என்னைப் பார்த்தார். "ஏன்?"

"சம்பந்தம் இருக்குதுங்க. சம்பந்தம் மட்டும்தான் இருக்குது, வேற ஒண்ணும் இல்லை. அவரு எம் பொண்டாட்டி கூடப் பொறந்தவரு. எம் புள்ளைங்களுக்குத் தாய்மாமன். காது குத்துனப்ப மடியில வெச்சுக்கிட்டது அவருதான். சம்பந்தம் இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா, நான் எந்த மூஞ்சியோட வீட்டுக்குப் போறது?"

மாதவி அம்மா தட்டச்சுப் பலகையிலிருந்து கையை எடுத்தார். "சார், இவர் சொல்வது சரி. எங்கள் வீட்டிலும் அதற்கு இதே வார்த்தைதான். போன ஞாயிற்றுக்கிழமைகூட எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. உப்புமா சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்."

பெரிய வக்கீல் சிரிக்கவில்லை. "உறவுக்காரர் என்று ஒப்புக்கொண்டால், அவர் உங்கள் ஆள் என்று பிடிப்பார்கள். இது குடும்ப விழா இல்லை, சட்டம்" என்றார்.

என்னால் அடக்க முடியவில்லை. முந்தின நாள் சோபாவில் கேட்டது அப்படியே வெளியே வந்துவிட்டது. "ஆறு மாடி வெச்சிருக்கறவனுக்கு ஆபீஸ் இல்லைன்னு எழுதிக் கொடுக்கத் தெரியுது. உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுங்கன்னு நான் கேட்டா மட்டும் சட்டம் பேசறீங்க. ஏனுங்க, பொய்க்கு ஒரு சட்டம், நிசத்துக்கு ஒரு சட்டமா?" என்று கேட்டேன். தமிழிலா தெலுங்கிலா என்று எனக்கே தெரியாது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பெரிய வக்கீல் குரலை உயர்த்தவே இல்லை. "அவர்கள் யாரும் பில்லில் கிளை என்று அச்சடிக்கவில்லை" என்றார்.

அந்த மனிதர் மேல் எனக்கு இன்னும் கோபம்தான் பிள்ளைகளே. ஆனாலும் அந்த வரியை அச்சடித்தது நான்தான். அவர் போன பிறகு மாதவி அம்மா எனக்கு ஒரு டீ வரவழைத்தார். பால் அதிகமாகவும் சர்க்கரை அதைவிட அதிகமாகவும் இருந்தது.

"உள்ளபடியே எழுதுவோம். அவரை நான் சம்மதிக்க வைக்கிறேன்" என்றார். "ஆனால் முழுசாகச் சொல்ல வேண்டும். உங்கள் மச்சினர் உங்களுக்காக அங்கே ஏதாவது செய்ததே இல்லையா?"

யோசித்தேன். ஜோசப் மெஷின் மாட்டப் போனபோது மாமா அவனுக்குச் சோறு போட்டிருக்கிறார். பஸ் ஏற்றிவிட்டிருக்கிறார். இன்னொன்றும் இருந்தது. முதலில் விழுங்கப் பார்த்தேன், முடியவில்லை. ஜோசப் போவதற்கு முன்னாலேயே மெஷினுக்கு மாற்றுக் கத்திகள் ஒரு மூட்டை போய்ச் சேர்ந்துவிட்டது. மாமா அதைத் தம் அறையில் மூன்று வாரம் வைத்திருந்தார். அதையும் சொன்னேன். கெடுத்துக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன்.

அவர் ஒப்பந்தத்தைத் திறந்து ஓர் இடத்தில் விரல் வைத்தார். "பொருளை வெறுமனே பத்திரமாக வைத்திருந்தால் அது கிளை ஆகாது. அது துணை வேலை."

"ஆறு மாடிக்காரங்களுக்குச் சொன்னீங்களே, அந்தத் துணை வேலையா?"

"அதே பிரிவுதான்."

எந்த ஓட்டை வழியாக அவர்கள் ஆறு மாடியை நுழைத்தார்களோ, அதே வழியில்தான் நம் கத்தி மூட்டையும் போக வேண்டியிருந்தது. வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. சரி என்றேன்.

கையெழுத்துக்கு முன்னால் வராந்தாவுக்கு வந்து மாமாவுக்குப் போன் செய்தேன். என்ன எழுதப் போகிறோம் என்று சொல்லிவிட்டு, "இப்படி எழுதட்டுங்களா மாப்பிள்ளை?" என்று கேட்டேன்.

பின்னால் கடையில் இரும்புக் குழாய் இறக்குகிற சத்தம் கேட்டது. "அச்சடிக்கறப்பக் கேக்கல. அழிக்கறப்பக் கேக்கறீங்களா மச்சான்?" என்றார்.

நான் போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"அந்தக் கத்தி மூட்டையையும் எழுதுங்க. கட்டிலுக்கடியில வெச்சு, மூணு வாரம் கால்ல இடிச்சுட்டுக் கெடந்தேன். கெளை மேனேஜருக்கு ஒரு தைலமாச்சும் அனுப்பிச்சீங்களா?" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பொட்டி கட்டித்தான் வெச்சிருக்கேன் மச்சான். அக்காகிட்டச் சொல்லாதீங்க" என்றார்.

மூன்றாம் நாள். கடிதம் ஒன்றரைப் பக்கம் வந்தது. "சிவராஜ் என் மனைவியின் தம்பி. அந்த எண் அவருடையது. அவரைக் கேட்காமல் நான் அச்சடித்தேன். அவர் எங்களுக்காக வியாபாரம் செய்ததில்லை" என்று தொடங்கி, சோறு போட்டது, பஸ் ஏற்றிவிட்டது, மூட்டை, எல்லாம் இருந்தது. நம் ஊரில் கிளை என்று அச்சடிக்கும் வழக்கத்துக்குச் சாட்சியாக ஐந்து விசிட்டிங் கார்டுகளின் நகலும் மொழிபெயர்ப்பும் இணைப்பு. "கிளை: விரைவில்" என்பதை எப்படி மொழிபெயர்ப்பது என்று மாதவி அம்மா பத்து நிமிஷம் யோசித்தார். பெரிய வக்கீல் கடைசியில் ஒப்புக்கொண்டார், ஆனால் வெளியே வந்து பார்க்கவில்லை. நான் ஒவ்வொரு பக்கத்திலும் தமிழில் கையெழுத்துப் போட்டேன். கொழும்பு ஆபீஸ்காரர்களுக்குத்தான் தமிழ் படிக்கத் தெரியுமே.

ஆரோக்கியசாமி அண்ணா ரயிலுக்கு எலுமிச்சைச் சாதமும் மிளகாய் பஜ்ஜியும் கட்டிக் கொடுத்தார். "கைக்கு மூஞ்ச இப்டி வெச்சிகினு இருக்க? நெசத்தத்தான எழுதின?" என்றார். கைக்கு என்றால் அவர் பேச்சில் ஏன்.

"நிசத்தை எழுதவே இவ்வளவு தூரம் வர வேண்டியிருக்குதுங்களேண்ணா" என்றேன்.

"ஹவ், அது சரிதான்" என்றார். பேத்தி மட்டும் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு, முதல் தடவையாகத் தமிழில், "போயிட்டு வாங்க" என்றாள். அதுவும் என்னைப் போலவே இழுத்துச் சொன்னாள்.

அதன் பிறகு நாற்பது நாள் கொழும்பிலிருந்து பதில் இல்லை. அந்த நாற்பது நாளும் இந்த வீடு எப்படி இருந்தது என்பது உங்களுக்கே தெரியும். நேற்று மில்காரர் கூப்பிட்டார். நம் விளக்கத்தை ஏற்றுக்கொண்டு விஷயத்தை முடித்துவிட்டார்களாம். இனிமேல் அனுப்புகிற பில்லில் அந்த வரி இருக்கக் கூடாது என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். மாமா அங்கேயே இருக்கிறார். அம்மாவிடம் சொன்னேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். பிறகு, "சாப்பிட்டீங்களா?" என்றாள்.

இன்றைக்கு மத்தியானம் ஆட்கள் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு பட்டறையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். போனை எடுத்தேன். மாமாவின் நம்பரை நான் என்ன பெயரில் வைத்திருந்தேன் என்று உங்களுக்குத் தெரியாது. பில் புக் அடித்த அன்றைக்கே "கொழும்பு கிளை" என்று மாற்றி வைத்திருந்தேன். யாராவது மில்காரர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது மாமா கூப்பிட்டால், திரையை அவர் பக்கம் லேசாகத் திருப்பிவிட்டுத்தான் எடுப்பேன். அந்த இரண்டு வார்த்தையையும் ஓர் எழுத்து விடாமல் அழித்தேன். என் விரலெல்லாம் கிரீஸ். "சிவராஜ் மாப்பிள்ளை" என்று அடிப்பதற்குள் மூன்று தடவை தப்பாக விழுந்தது. திருத்தி, சேமித்து, போனைத் துடைத்துப் பைக்குள் வைத்தேன்.